கடைசி ஒரு அரணை: கிறிஸ்துமஸ் தீவு நமக்குச் சொல்லும் கணக்கு

பாம்புராணியைத் தெரியாத உழவர் கிடையாது. காலை வெயிலில் வரப்பு ஓரமாகச் சருகு மேலே படுத்திருக்கும். நம்ம காலடி கேட்டதும் சரசரன்னு உள்ளே ஓடிவிடும். எண்ணெய் தடவின மாதிரி மினுங்குற உடம்பு, குட்டைக் கால், நீள வால். ஏட்டுத் தமிழில் இதற்கு அரணை என்று பெயர். "அரணை கடித்தால் மரணம்" என்று சொல்லிச் சொல்லியே கண்ட இடத்தில் அடித்துப் போடுகிறோம். உண்மையில் அதற்கு விஷப்பல் கிடையாது. உலகத்தில் 1,700-க்கும் மேற்பட்ட அரணை இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட மனிதனைக் கடித்துக் கொல்லும் விஷம் உள்ளது அல்ல.

நம்ம வயலில் அது செய்கிற வேலை என்ன? வெட்டுக்கிளி, சிள்வண்டு, சின்ன வண்டு, புழு, கரையான் என்று தரையில் ஊர்கிறதைப் பிடித்துத் தின்னும். கூலி கேட்காது, மருந்தும் கேட்காது. தின்னுவதற்குப் பூச்சியும், ஒளிவதற்குச் சருகும், வெயில் காய ஒரு திறந்த இடமும் இருந்தால் போதும்.

இந்த மாதம் எழுதப் போவது நம்ம ஊர் அரணையின் தூரத்துச் சொந்தம் ஒன்றைப் பற்றி. இந்துமாக் கடலில் ஒரு தீவு. அந்தத் தீவின் காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் அரணை. முப்பத்தைந்தே வருஷத்தில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது முற்றாக இல்லாமல் போனது. அதை யாரும் சுட்டுக் கொல்லவில்லை. காட்டை வெட்டியதுகூட முக்கியக் காரணம் இல்லை. பிறகு எப்படிப் போனது? இந்தக் கேள்வியில் எறும்பு வருகிறது, செதில் பூச்சி வருகிறது, பூச்சிக்கொல்லி வருகிறது, ஒட்டுண்ணிக் குளவி வருகிறது. எல்லாமே நமக்குத் தெரிந்த ஆட்கள். அதனால்தான் இயற்கை வேளாண்மை செய்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தீவும் அதன் காட்டரணையும்

கிறிஸ்துமஸ் தீவு ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருக்கிறது. ஆனால் இருப்பது இந்தோனேசியாவின் ஜாவாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டரில். பரப்பு 135 சதுர கிலோமீட்டர்தான். 1643-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று அந்தப் பக்கம் போனது. கேப்டன் வில்லியம் மைனர்ஸ் அந்தப் பெயரை வைத்தார். மனிதர் யாரும் குடியிருக்காத தீவு அது. 1888-இல் பிரிட்டன் தன்னுடையது என்று அறிவித்தது. காரணம் மண்ணுக்குள் இருந்த பாஸ்பேட். ஆமாம், உரத்துக்குப் போகிற அதே பாஸ்பேட்தான். சீனாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் கூலியாட்களைக் கொண்டுவந்து தோண்டினார்கள். 1958-இல் தீவு ஆஸ்திரேலியா கைக்குப் போனது. இன்று தீவின் பரப்பில் 63 சதவீதம் தேசியப் பூங்கா.

அங்கே இருந்த காட்டரணைக்கு 1887-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பூலஞ்சர் அறிவியல் பெயர் வைத்தார். இன்றைய பெயர் எமோயியா நேட்டிவிட்டாடிஸ். வால் உட்பட ஒரு சாண் அளவு. தவிட்டு நிறம். பகலில் நடமாட்டம். அடர்ந்த மழைக்காட்டில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் வெயில் தரைக்கு இறங்கும் இல்லையா? அங்கேதான் கூடும். விழுந்த அடிமரத்தின் மேல் ஏறி வெயில் காயும், சருகுக்குள் பூச்சி தேடும். நம்ம வரப்பில் பாம்புராணி செய்கிறதைத்தான் அது அந்தக் காட்டில் செய்தது.

1979-இல் ஆஸ்திரேலிய ஊர்வன ஆய்வாளர் ஹால் காகர் தீவுக்குப் போனபோது காட்டரணை அங்கே மலிந்து கிடந்தது. தேடிப் போகவே வேண்டியதில்லை. 1998-இல் திரும்பக் கணக்கெடுத்தபோது பல இடங்களில் குறைந்திருந்தது. ஊரும் துறைமுகமும் தீவின் வடகிழக்கில் இருக்கின்றன. குறைவு அந்தப் பக்கத்தில் ஆரம்பித்து, வருஷா வருஷம் மேற்கே நகர்ந்தது. 2008 வாக்கில் மேற்குக் கோடியில்தான் மிச்சம். 2010 ஆகஸ்டுக்குப் பிறகு காட்டில் யார் கண்ணிலும் படவில்லை.

அதற்குள் மூன்றே மூன்றைப் பிடித்து வளர்ப்பிடத்தில் வைத்திருந்தார்கள். மூன்றும் பெண். ஆண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு செத்தது. கடைசியாக இருந்ததற்கு 'கம்ப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலிய அரசு இந்த இனத்தை 'மிகவும் ஆபத்தில் உள்ளது' என்று சட்டப்படி பட்டியலில் சேர்த்தது 2014 ஜனவரியில். அப்போது உலகத்தில் இருந்ததாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான். 2014 மே 31-இல் கம்ப்பும் செத்தது. 2017-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனம் அழிந்துவிட்டது என்று அறிவித்தது. ஐரோப்பியர் ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிறகு அந்த நாட்டில் அழிந்ததாகப் பதிவான முதல் ஊர்வன இனம் இதுதான்.

நான் 33 வருஷம் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். தவணை கட்டாமல் 90 நாள் தாண்டினால் அதை வாராக்கடன் என்று எழுத வேண்டும். ஆனால் எந்தக் கணக்கும் 91-ஆம் நாளில் கெடுவதில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னாடியே வரவு குறையும், இருப்பு விவரம் தாமதமாக வரும், ஆள் கிளைக்கு வருவதை நிறுத்திவிடுவார். பார்க்கத் தெரிந்தவனுக்கு அப்போதே தெரியும். கிறிஸ்துமஸ் தீவின் கணக்கில் 1998-இலேயே வரவு குறைந்துவிட்டது. பட்டியலில் சேர்க்கும் காகிதம் வந்தது 16 வருஷம் கழித்து.

யார் கொன்றது?

இதற்கு ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. பல சந்தேகப் பேர்வழிகள் இருக்கிறார்கள். எல்லாருமே கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

முதல் ஆள் ஓநாய்ப்பாம்பு. 1987-இல் முதன்முதலாகத் தீவில் காணப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சரக்கோடு வந்திருக்க வேண்டும். இதன் மிக நெருங்கிய உறவு நம்ம ஊரில் இருக்கிறது: ஓட்டு வீட்டுக் கூரையில் பல்லி பிடித்துத் திரியும் வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாத பாம்பு, கட்டுவிரியன் என்று நினைத்து நாம் அடிப்பது வேறு விஷயம். பல்லியும் அரணையும்தான் இதற்குப் பிடித்த இரை. நம்ம ஊரில் பல்லியும் அரணையும் இந்தப் பாம்போடு எத்தனையோ ஆயிரம் தலைமுறை பழகியவை. எப்போது ஓட வேண்டும், எங்கே ஒளிய வேண்டும் என்று பிறவியிலேயே தெரியும். கிறிஸ்துமஸ் தீவின் அரணைக்கு அந்தப் பாடம் கிடையாது. அங்கே இருந்த ஒரே சொந்தப் பாம்பு மண்ணுக்குள் வாழும் ஒரு குருட்டுப்பாம்பு. அது அரணையைத் தின்னாது. புதுப் பாம்பு வந்தபோது இரைக்கு எதிரியைத் தெரியவில்லை. ஊர்ப் பக்கத்தில் ஆரம்பித்து மேற்கே போன குறைவும், இந்தப் பாம்பு பரவிய விதமும் ஒத்துப்போவதால் ஆய்வாளர்கள் பலருடைய முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இரண்டாவது பெரிய பூரான். மூன்றாவது பூனையும் கறுப்பு எலியும். இந்த எலி 1900 வாக்கில் இறங்கியதும் ஒரு வேலை செய்தது. தீவுக்கே சொந்தமான இரண்டு எலி இனங்கள் பத்து வருஷத்துக்குள் காணாமல் போயின. கப்பல் எலி கொண்டுவந்த நோய்க்கிருமிதான் காரணம் என்று அருங்காட்சியகத்தில் இருந்த பழைய தோலிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆக, அந்நியன் தின்று மட்டும் கொல்வதில்லை, நோயும் கொண்டுவருவான்.

நான்காவது மஞ்சள் பைத்திய எறும்பு. இந்த எறும்பு பெருகிய இடமும் அரணை குறைந்த இடமும் எல்லா நேரமும் ஒத்துப்போகவில்லை. அதனால் கொலைக்கு இதுதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காட்டையே தலைகீழாக்கியது இதுதான். நமக்கு அதிகப் பாடம் இருப்பதும் இங்கேதான். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எறும்பும் செதில் பூச்சியும் போட்ட கூட்டு

இந்த எறும்பு 1915-க்கும் 1934-க்கும் இடையில் தீவுக்கு வந்துவிட்டது. வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. 1989-இல்தான் முதல் 'பெருங்கூட்டம்' கண்ணில் பட்டது. பெருங்கூட்டம் என்றால் ஒரு புற்று, ஒரு ராணி இல்லை. நூற்றுக்கணக்கான ராணிகள். பக்கத்துப் புற்றோடு சண்டை கிடையாது. ஹெக்டேர் கணக்கில் ஒரே குடும்பம். தரையில் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் எறும்பு ஓடிய இடங்களை அளந்து எழுதியிருக்கிறார்கள். கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. அமிலத்தைப் பீய்ச்சும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து பீய்ச்சினால் நண்டுக்குக் கண் போகும். பிறகு உயிரும் போகும்.

அந்தத் தீவின் காட்டுக்குச் செந்நண்டுதான் உழவன். நாலு கோடிக்கு மேல் இருந்ததாகக் கணக்கு. தரையில் விழும் இலையைத் தின்னும், விதையைத் தின்னும், முளைத்த கன்றைத் தின்னும், வளை தோண்டி மண்ணைக் கிளறும். மண்புழுவும் ஆடும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எறும்புப் பெருங்கூட்டம் இந்த நண்டைக் கோடிக்கு மேல் கொன்றது. நண்டு போன இடத்தில் சருகு மலையாகக் குவிந்தது, கன்றுகள் புதராக அடைத்தன, அதுவரை காட்டுக்குள் நுழைய முடியாத ஆப்பிரிக்கப் பெரு நத்தை உள்ளே வந்தது. ஓர் அந்நியன் இன்னோர் அந்நியனுக்குக் கதவு திறந்துவிட்டான்.

ஐம்பது வருஷம் சும்மா இருந்த எறும்பு எப்படித் திடீரென்று பெருகியது? சோறு போட ஆள் கிடைத்தது. அந்த ஆள் செதில் பூச்சி. முக்கியமாக ஓர் அரக்குச் செதில் பூச்சி. நாம் அரக்கு எடுக்கிற பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்ததுதான். மரத்தின் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும். அந்த இனிப்பு எறும்புக்கு வற்றாத சாப்பாடு. எறும்பு பதிலுக்குச் செதில் பூச்சியைச் சுத்தம் செய்து, அதன் எதிரிகளை விரட்டிக் காவல் காத்தது. செதில் பெருக எறும்பு பெருகியது. எறும்பு பெருகச் செதில் பெருகியது. இனிப்புக் கழிவு வழிந்த இலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்தது, மேல்மட்ட மரங்கள் காய்ந்தன.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? கொய்யாவில் மாவுப்பூச்சி, மாவில் செதில், கத்தரியில் அசுவினி. அங்கெல்லாம் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருக்கும். இலை கறுத்திருக்கும். நம்ம தோட்டத்தில் தினமும் நடக்கிற அதே கூட்டுத்தான் அங்கே ஒரு தீவு அளவுக்கு நடந்தது.

மருந்தும் குளவியும்

முதலில் மருந்தைத்தான் எடுத்தார்கள். 2002-இல் ஏறக்குறைய 2,500 ஹெக்டேரில், ஹெலிகாப்டரிலிருந்து மீன்தூள் கலந்த ஃபிப்ரோனில் குருணையைக் கொட்டினார்கள். கரும்பு, நெல் குருத்துப்புழுவுக்கு நம்ம கடைகளில் விற்கும் அதே ஃபிப்ரோனில். எறும்பு கொத்துக் கொத்தாகச் செத்தது. ஆனால் சில வருஷத்திலேயே வேறு இடங்களில் பெருங்கூட்டம் கட்டியது. 2009-இல் மறுபடி ஹெலிகாப்டர். அதற்கு இடையிலும் பிறகும் கையால் தூவுவது. அந்த மருந்து நண்டுக்கும் நஞ்சு, தென்னை நண்டுக்கும் நஞ்சு. காப்பாற்ற வேண்டியவனையும் சேர்த்துக் கொல்லும் மருந்தை எத்தனை நாள் கொட்ட முடியும்? செலவு ஒரு பக்கம் போகட்டும். எறும்புக்குச் சோறு போடும் செதில் பூச்சி மரத்தில் பத்திரமாகவே இருந்தது.

மருந்து வட்டி கட்டுகிற மாதிரி. அசல் அப்படியே நிற்கும்.

பிறகுதான் அசலைப் பார்த்தார்கள். எறும்பைக் கொல்லாதே, அதன் சாப்பாட்டை நிறுத்து என்று முடிவு செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் செதில் பூச்சியின் சொந்த ஊரான மலேசியாவுக்குப் போய்த் தேடினார்கள். அங்கே அந்தச் செதில் பூச்சியைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. காரணம், அங்கே அதற்கு எதிரிகள் இருக்கிறார்கள். அதில் ஒரு குட்டிக் குளவியைத் தேர்ந்தெடுத்தார்கள். நீளம் 2 மில்லிமீட்டர் அளவு. மனிதரைக் கொட்டாது. செதில் பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்து தின்று வெளியே வரும். மலேசிய வன ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, இந்தக் குளவி வேறு பூச்சிகளைத் தாக்குகிறதா என்று பலமுறை சோதித்துவிட்டு, 2016 டிசம்பரில் தீவில் விட்டார்கள். குளவி அங்கே நிலைத்தது, பரவியது.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட வருஷங்களைக் கவனிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தால் அது அடுத்த ஓநாய்ப்பாம்பாக ஆகியிருக்கலாம். 'இயற்கை வழி' என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. சோதித்த இயற்கை வழியாக இருக்க வேண்டும்.

காட்டரணைக்கு இந்தக் குளவியால் பலன் இல்லை. அது போய் இரண்டரை வருஷம் கழித்துத்தான் குளவி வந்தது.

நம்ம பக்கத்துக் கதை

இது எங்கேயோ இருக்கிற தீவுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் இதே மஞ்சள் பைத்திய எறும்பு பெருகிய செய்தி நாடெங்கும் வந்தது. ஏழு கிராமங்களில் தொந்தரவு. மேய்ச்சலுக்குப் போன ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்பட்டது என்றும், நின்றால் உடம்பெல்லாம் ஏறுகிறது என்றும், காட்டுக்குள் போகவே பயமாக இருக்கிறது என்றும் அந்த ஊர் உழவர்கள் சொன்னார்கள். எறும்பு பெருகினால் முதலில் போவது தரையில் வாழும் சின்ன உயிர்கள். மாட்டுக்குக் குரல் கொடுக்க நாம் இருக்கிறோம். அரணைக்கு யாரும் இல்லை.

நல்ல கதையும் நம்ம பக்கம் உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்ட பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்தில் மரவள்ளி போட்டவர்களும் பட்டுப்புழு வளர்த்தவர்களும் பட்ட பாடு கொஞ்சமில்லை. அடித்த மருந்து எதுவும் அந்த மெழுகுப் போர்வையைத் தாண்டவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு தேசிய நிறுவனம் வழியாக வந்தன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி சக்கைப் போடு போட்டது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. விட்ட இடங்களில் சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இதில் ஒரு நிபந்தனை: குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கக் கூடாது. அடித்தவர் தோட்டத்தில் முதலில் செத்தது குளவிதான்.

2020-இல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்து பிறகு நம்ம பக்கம் பரவியபோதும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த குளவியைத்தான் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் 2022-இல் விட்டார்கள். வழி தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பூச்சி வந்து, பரவி, நட்டம் ஆன பிறகுதான் குளவி வருகிறது என்பதுதான் வருத்தம்.

காப்பாற்றியவையும் உண்டு

கிறிஸ்துமஸ் தீவில் எல்லாமே போய்விடவில்லை. காட்டரணையோடு சேர்ந்து நீலவால் அரணையும், லிஸ்டர் பல்லி என்ற இன்னோர் இனமும் சரிந்துகொண்டிருந்தன. இவற்றை மட்டும் நேரத்தில் பிடித்தார்கள். நீலவால் அரணை 66, லிஸ்டர் பல்லி 43. தீவிலும் சிட்னியின் டரோங்கா விலங்குக் காட்சிச் சாலையிலும் வைத்து வளர்த்தார்கள். இரண்டும் காட்டில் காணாமல் போய்விட்டன. வளர்ப்பில் ஆயிரத்தைத் தாண்டிப் பெருகின. ஆனால் சொந்தக் காட்டில் திரும்ப விட முடியாது. ஓநாய்ப்பாம்பு அங்கேயே இருக்கிறது. அதனால் 2019-இல் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோகோஸ் தீவுக் கூட்டத்தில் பாம்பு இல்லாத ஒரு சின்னத் திட்டில் 300 நீலவால் அரணைகளை விட்டார்கள்.

அதே தீவின் குட்டி வௌவால் ஒன்றுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. பிடித்து வளர்க்க அனுமதி வந்து, வலையோடு காட்டுக்குப் போனபோது ஒரே ஒன்றின் சத்தம்தான் கருவியில் கேட்டது. பிடிபடவில்லை. 2009 ஆகஸ்ட் 26-க்குப் பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

66 பிடித்த இனம் பிழைத்தது. மூன்று பெண் மட்டும் கிடைத்த இனம் போனது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது சில வருஷ வித்தியாசம்தான்.

நம்ம நிலத்தில் என்ன செய்யலாம்

நம்ம பாம்புராணி இன்றைக்கு அழியும் நிலையில் இல்லை. ஆனால் 1979-இல் காட்டரணையும் அப்படித்தான் இருந்தது. கீழே உள்ளவற்றில் செலவு பிடிக்கிற வேலை ஒன்றுமில்லை.

1. அடிக்காதீர்கள், அடிக்க விடாதீர்கள். களை எடுக்க வருகிறவர்களிடம், பிள்ளைகளிடம், "இது கடிச்சா ஒண்ணும் ஆகாது, பூச்சி தின்னுற சாமி" என்று சொல்லிவையுங்கள். பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடும். வால் திரும்ப வளரும். ஆனால் அதில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பு போய்விடும்.

2. மூடாக்கை எரிக்காதீர்கள். கரும்புச் சோகை, தென்னை மட்டை, மாஞ்சருகு எதுவானாலும் மண்ணுக்கு மேல் கிடக்கட்டும். சோகைக்குத் தீ வைத்தால் மேலே சாம்பல் மட்டும் மிஞ்சும். உள்ளே இருந்த அரணையும் அதன் முட்டையும் சேர்ந்தே போகும்.

3. ஏக்கருக்கு இரண்டு மூன்று இடத்தில் கல் குவியலோ பழைய கட்டைக் குவியலோ விட்டுவையுங்கள். உயிர்வேலி ஓரம் நல்லது. பக்கத்தில் வெயில் விழும் திறந்த இடமும் இருக்க வேண்டும். என் மாந்தோப்பில் கிணறு தோண்டிய கல்லைக் கொட்டி வைத்த மூலையில்தான் தினமும் அதிகம் பார்க்கிறேன்.

4. எறும்பு ஏறும் மரத்தில் முதலில் மேலே பாருங்கள். மாவுப்பூச்சியோ செதிலோ இருக்கும். தரையைத் தொடும் கிளைகளைக் கழியுங்கள். அடிமரத்தில் பாலித்தீன் பட்டை சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள்; பட்டையில் நேராகத் தடவ வேண்டாம். எறும்புக் காவல் போனால் பொறிவண்டும் குளவியும் தானாக வேலையைத் தொடங்கும். பாதித்த கிளைக்கு மட்டும் வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடித்தால் போதும்.

5. எல்லா எறும்பும் எதிரி இல்லை. இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு மாமரத்துக்கு எவ்வளவோ நல்லது செய்கிறது. மஞ்சள் பைத்திய எறும்புக்கு அடையாளம்: வெளிறிய மஞ்சள் பழுப்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால், நீள உணர்கொம்பு, நேர்கோட்டில் போகாமல் தாறுமாறாக ஓடும். தரையெல்லாம் இப்படி ஓடுவதைப் பார்த்தால் குருணை வாங்க ஓடாதீர்கள். வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், காட்டு ஓரமாக இருந்தால் வனத்துறைக்கும் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். ஒப்புகை வாங்கி வையுங்கள்.

6. வெளியிலிருந்து வரும் பொருளைச் சோதியுங்கள். நர்சரிக் கன்றின் பை அடியில், லோடு எருவில், வைக்கோலில், நார்க்கழிவில்தான் புதுப் பூச்சியும் எறும்பும் ஏறி வருகின்றன. புதுக் கன்றுகளை மூன்று வாரமாவது தனி இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நடுங்கள். கிறிஸ்துமஸ் தீவுக்கு எமன் வந்தது சரக்குக்குள்தான்.

7. நிலத்துக்கு ஒரு பாஸ்புக் போடுங்கள். இது என் பழைய தொழில் புத்தி, ஆனால் உபயோகமானது. ஒரு பழைய நோட்டு போதும். மாதம் ஒரு நாள், அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வெயில் ஏறிய பிறகு காலை ஒன்பது மணிக்கு, அதே வரப்பில், அதே அரை மணி நேரம் நடங்கள். பார்த்த பாம்புராணி எத்தனை, ஓணான் எத்தனை, தட்டான் எத்தனை, எறும்புச் சாரை எந்த மரத்தில் என்று எழுதுங்கள். நாளும் நேரமும் பாதையும் மாறக் கூடாது. மாறினால் ஒப்பிட முடியாது. மழைக்காலக் கணக்கை மழைக்காலத்தோடும் கோடைக் கணக்கைக் கோடையோடும் ஒப்பிடுங்கள். ஒரு மாதம் குறைந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு வருஷம் தொடர்ந்து அதே மாதத்தில் குறைந்தால் ஏதோ நடக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் குருணை போட்டார்களா, புதுசாக எறும்பு வந்திருக்கிறதா, பூனை பெருகியிருக்கிறதா என்று தேட ஆரம்பிக்கலாம்.

ஊருக்குப் பத்துப் பேர் இப்படி எழுதினால், நம்ம மாதாந்திரக் கூட்டத்தில் நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் நிலத்தில் குறைந்தால் அது அவர் நிலத்து விஷயம். பத்துப் பேர் நிலத்திலும் ஒரே திசையிலிருந்து குறைந்துகொண்டு வந்தால், அது கிறிஸ்துமஸ் தீவில் வடகிழக்கிலிருந்து வந்த மாதிரியான குறைவு. அதை அரசு அலுவலகம் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தினமும் வரப்பில் நடக்கிறவர்கள் நாம்தான். வருகிற அமாவாசைக்கு நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.